உணர்விழந்த பாதமும் ஓடும் வண்டியும்



வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த உறுப்பு மிகவும் தேவை என்று கேட்டால் கண் என்போம். அடுத்ததாகக் கை என்போம். காலைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. ஆனால் ஓடுகிற காரையும் லாரியையும் நிறுத்துவது வலது பாதம்தான். பிரேக் பெடல் எங்கே இருக்கிறது, அதன்மேல் பாதம் சரியாகப் பதிந்திருக்கிறதா, எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்ற செய்திகளையெல்லாம் உள்ளங்காலின் தோலும் தசையும் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லி அனுப்புகின்றன. அதனால்தான் நாம் குனிந்து பாராமலே சரியான பெடலை மிதிக்கிறோம். கண் சாலையைப் பார்க்க, பாதம் பெடலைப் 'பார்க்கிறது'.

அந்தச் செய்தி ஒருநாள் வராமல் போனால் என்ன ஆகும்? நம் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரி, டிராக்டர், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடும் வேன் என்று எத்தனையோ வண்டிகளை நம்மவர்கள் ஓட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கும் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். ஆகவே பாதத்தின் நரம்பு கெடுவது பாதத்தோடு நிற்கிற நோய் ஆகாது. அது சாலைக்கும் வரும்.

இந்தக் கேடு உலகுக்குப் புதிதன்று. கடந்த நூறாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் அது மூன்று வேடங்களில் மருத்துவர்களின் முன் வந்து நின்றது. முதல் வேடத்தின் புதிரை அவிழ்ப்பதில் நாம் வாழும் மலாயா மண்ணுக்கே பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு முன், காலுக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

தொடக்க காலக் கார்களில் எல்லா வேலையும் காலிடம் இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்ட் 'மாடல் டி' காரில் மூன்று பெடல்கள் இருந்தன. ஆனால் அவை இன்று நாம் அறிந்த மூன்று அல்ல. இடது பெடல் கியருக்கு, நடுப்பெடல் பின்னோக்கிச் செல்வதற்கு, வலது பெடல் பிரேக்குக்கு. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கையால் இழுக்கும் ஒரு நெம்புகோலில் இருந்தது. நம் டிராக்டர்களில் இன்றும் அப்படி ஒரு கைப்பிடியைப் பார்க்கலாம். பிறகுதான் இடமிருந்து வலமாகக் கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் என்ற வரிசை உலகெங்கும் நிலைபெற்றது. கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஓட்டமும் நிறுத்தமும் காலுக்குப் போயின. வண்டியைச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் கேளாமலே ஏற்றுக்கொண்டார்கள்: ஓட்டுபவரின் பாதத்துக்கு உணர்வு இருக்கும் என்பதை.

அதே காலத்தில் மலாயாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாதத்தின் உணர்வை இழந்துகொண்டிருந்தார்கள். அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு கணுக்கால் தொய்ந்து, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். நடப்பவர் முழங்காலை உயர்த்தி உயர்த்தி அடிவைப்பார். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரே போய்விடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இது கொத்துக்கொத்தாகக் கொன்றது. கிருமியா, ஈரமான தரையா, கெட்ட காற்றா என்று மருத்துவர்கள் தடுமாறினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் சீனத் தொழிலாளர்களுக்கு நோய் மிகுதி, தமிழ்த் தொழிலாளர்களுக்கோ அது அரிது. இந்த இரு சாராரும் உண்ட சோறு வேறு வேறு. சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. நம் முன்னோர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே குத்திய அரிசியை உண்டார்கள். அவர்களிடமும் நோய் அதிகம் இல்லை. குற்றவாளி அரிசிதான் என்று பிராடன் சொன்னார். பலர் நம்பவில்லை.

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குத் தீட்டிய பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. அடுத்த ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டேன்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். விளைவு மாறவில்லை. 1909இல் அதை வெளியிட்டார்கள்.

இன்று இப்படிப்பட்ட சோதனைகளை எந்த நாடும் அனுமதிக்காது. தம் விருப்பத்தைச் சொல்ல வாய்ப்பில்லாத நோயாளிகளும் கூலிக்கு வந்தவர்களும் தம் உடம்பால் விலை கொடுத்து இந்த உண்மையை நமக்கு வாங்கித் தந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. அந்தச் சத்து தயமின் என்னும் வைட்டமின் பி1. பத்தாவியாவில் 1926இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே நகரில் முன்பு கோழிகளுக்கு அரிசி போட்டு ஆராய்ந்த ஐக்மன் என்ற டச்சு மருத்துவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரிபெரி பழங்கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். அளவுக்கு மீறிக் குடிப்பவர்களின் உடம்பில் இதே வைட்டமின் பி1 குறைந்துபோகிறது. மதுவே நேராகவும் நரம்பைக் கெடுக்கிறது. புழுங்கல் அரிசி காத்த நம் கால்களைப் பின்னாளில் சம்சு கெடுத்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பல ஆண்டுகள் குடித்தவரின் கால், அவர் குடிக்காத நாளிலும் பெடலைச் சரியாக உணராமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி இரண்டாவது வேடம்: தொழுநோய். 1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரலும் பாதமும் தானாக அழுகி விழும் என்றுதான் உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையை மாற்றியவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் அவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

நோயாளிகளின் கைகால்களை அவர் நாள்தோறும் கூர்ந்து பார்த்தார். சதை தானாக அழுகுவதில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் காயத்தின்மேல் காயம் படுகிறது என்று கண்டுகொண்டார். முள் குத்தியபடியே ஒருவர் நாளெல்லாம் நடந்தார். சூடான பாத்திரத்தை ஒருவர் வெறுங்கையால் தூக்கினார். இரவில் எலி விரலைக் கடித்தபோதும் தூக்கம் கலையாதவர்கள் இருந்தார்கள். வலி என்பது நம் பகைவன் என்று எண்ணுகிறோம். அது இரவும் பகலும் நம்மைக் காக்கும் காவல்காரன் என்று பிராண்ட் வாழ்நாளெல்லாம் எடுத்துச் சொன்னார்.

காவல்காரன் இல்லாத காலுக்கு வேறு காவல் வேண்டும். வேலூர் வட்டாரத்தில் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் காலணிகள் செய்து கொடுத்தார்கள். பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நாம் வெட்டிய பால் எங்கெங்கோ போய் எதெதுவோ ஆயிற்று. அந்த ரப்பர் என்னும் பொருளே உணர்விழந்த பாதத்துக்கு மெத்தையும் ஆனது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவுக்குச் சென்று, கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். அங்கிருந்துதான் ஓர் எளிய கருவி பரவியது. மீன் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் எடைக்கு அது வளையும். அதை உணர முடியாதவருக்குப் பாதத்தைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று 1986இல் கார்வில் ஆய்வாளர்கள் வரையறுத்தார்கள். தொழுநோயாளிகளுக்காகப் பிறந்த அந்த இழை இன்று உலகெங்கும் இனிப்பு நீர் நோயாளிகளின் பாதத்தைத் தொட்டுச் சோதிக்கிறது.

மூன்றாவது வேடம் அந்த இனிப்பு நீர்தான். முற்காலத்தில், நரம்புக் கோளாறால்தான் இனிப்பு நீர் வருகிறது என்று நினைத்தார்கள். 1864இல் மார்ஷால் டி கால்வி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைத் தலைகீழாக மாற்றினார்: இனிப்பு நீரே நரம்பைக் கெடுக்கிறது என்றார். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்பும், நரம்புக்கு ஊட்டம் கொண்டுபோகும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. தொலைவில் இருக்கும் வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் வராமல் போகும் அல்லவா? அதுபோல விரல் நுனிதான் முதலில் மரத்துப்போகிறது.

இது நம் சமூகத்தின் கதவைத் தட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. 2019இல் மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 100க்கு 31 பேர். இவர்களில் எத்தனை பேர் லாரியும் வேனும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. பல்லில் வலி வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். பாதத்தில் உணர்வு போனாலோ ஒன்றும் தெரிவதில்லை. "எனக்கு ஒரு வலியும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பெரிபெரியிலும் தொழுநோயிலும் நடந்தது இதுவே. பாதம் பேசாமல் இருப்பதை நாம் சுகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சாலையில் அந்த மௌனத்தின் விலை என்ன? அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இனிப்பு நீரால் பாத நரம்பு கெட்டவர்கள் பிரேக்கை மிதிக்க, நோயில்லாதவர்களைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்தில் ஒரு விநாடி கண் இமைக்கும் நேரம்தானே என்று தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் வண்டி மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர். சாலையைக் கடக்கும் ஒரு பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையில் அந்த ஐந்து மீட்டர்தான் இருக்கக்கூடும். தாமதம் மட்டுமா? பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது, பிரேக்கின் ஓரத்தில் பாதம் வழுக்குவது, கழன்றுபோன சிலிப்பர் பெடலுக்கு அடியில் சிக்கியதை அறியாமல் இருப்பது ஆகிய அபாயங்களும் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். உணர்விழந்த பாதத்துக்குத் தான் சறுக்கியதே தெரியாது.

இதை மறைக்கிறவர்களை நாம் குறை சொல்லிவிட முடியாது. லாரி ஓட்டித்தான் குடும்பம் பிழைக்கிறது. லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது என்ற பயம் உண்மையான பயம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, உரிமம் கேட்பவர் தம் நோயையும் உடற்குறையையும் தெரிவிக்க வேண்டும். ஆனால் தெரிவித்தால் எல்லாம் முடிந்துபோகும் என்பது சரியன்று. இதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது.

அமெரிக்க அதிபர் ரூசவெல்ட் 1921இல் போலியோ தாக்கிக் கால்களின் வலுவை இழந்தார். அவர் வண்டி ஓட்டுவதை விடவில்லை. தம் 1936ஆம் ஆண்டு ஃபோர்ட் காரில் பிரேக், கிளச், வேகம் ஆகியவற்றைக் கையால் இயக்கும் நெம்புகோல்களைப் பொருத்தச் செய்தார். உலகப் போரில் கால் இழந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது அத்தகைய கைக்கருவிகள் பெருகின. தானியங்கிக் கியர் வந்ததும் கிளச்சுக்கே வேலை இல்லாமல் போயிற்று. இன்று மலேசியாவிலும் உடற்குறையுடையோருக்காக மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் தனி உரிம வகைகள் உண்டு. பொருத்துமுன் ஜே.பி.ஜே. அனுமதி பெற வேண்டும். நாமாகப் பட்டறையில் ஒட்டவைத்துக்கொள்வது கூடாது. வேலையே செய்ய முடியாத நிலை வந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்க வேண்டும். அது பிச்சை அன்று. நம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு உரிய உரிமை.

நேயர்களே, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் அதை வெளியிட்டார்கள். காசு வேண்டாம், கருவி வேண்டாம். தகப்பனார் கண்ணை மூடிப் படுத்திருக்க, மகளோ மகனோ அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் இலேசாக ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து ஆறு தொடுதல்கள். அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். மருத்துவர் அந்த நைலான் இழையால் சோதித்து, வண்டி ஓட்டலாமா என்று முடிவு சொல்லும்வரை, வேறொருவர் ஓட்டட்டும்.

இன்னும் சில அடையாளங்கள்: பெடலைத் தேடிக் குனிந்து பார்க்க வேண்டியிருப்பது, பஞ்சுமேல் மிதிப்பதுபோல் இருப்பது, சிலிப்பர் கழன்றது தெரியாமல் நடப்பது, முன்பாதத்தைத் தூக்க முடியாமை. ஓட்டும்போது சிலிப்பர் வேண்டாம். மெல்லிய அடியுள்ள, குதிகாலை மூடிய சப்பாத்து நல்லது. ஆனால் நல்ல சப்பாத்து போன உணர்வைத் திருப்பித் தராது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரக்கலாம். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது. பி12 அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இன்சுலின் ஊசியை நம்பி வாழும் முதல் வகை நோயாளிகள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புக் கேடு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. நம்மிடையே மிகுந்துள்ள இரண்டாம் வகையில் பயன் அவ்வளவு பெரிதன்று. ஆனாலும் கட்டுப்பாடே முதல் காப்பு. செத்த நரம்பை உயிர்ப்பிப்பது அரிது. சாகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோரின் பாதங்களை, அவர்கள் அறியாமலே, ஒரு பிடி புழுங்கல் அரிசி காத்தது. இன்று நமக்கு அறிந்தே காத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இன்றிரவு வேலை முடிந்து வந்து காலைக் கழுவியதும், வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரிடம் கால் நீட்டட்டும். ஆறு முறை தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.